தில்லியிலிருந்து சிம்லா: கிலோமீட்டரை விட்டு ஏற்றத்தைக் கணக்குப் போடுங்கள்

மே மாதம் ஊரிலிருந்து பெற்றோரோ அத்தை மாமாவோ தில்லிக்கு வந்து இறங்குவார்கள். ஆக்ராவும் ஹரித்வாரும் முடிந்த மறுநாளே சிம்லா பேச்சு எழும். ஆர்.கே.புரமோ கரோல் பாகோ மயூர் விஹாரோ, பெரும்பாலான வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான்: ஒரு டாக்ஸி, இரண்டு இரவு ஓட்டல், குஃப்ரியில் சேற்றுக்குள் குதிரைச் சவாரி, மால் ரோட்டில் ஐஸ்கிரீம், திரும்பி வரும் வழியெல்லாம் முட்டி வலி. அந்த ஊரில் பார்க்க வேண்டிய பாதி பார்க்கப்படாமலே போய்விடும்.

சென்னை மாகாணத்து அதிகாரிகளுக்குக் கோடையில் ஊட்டி எப்படியோ, மொத்தப் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் 1864 முதல் சிம்லா அப்படி. வைஸ்ராயும் கோப்புகளும் குமாஸ்தாக்களும் ஆண்டின் பெரும்பகுதியை அங்கேதான் கழித்தார்கள். அதனால் அங்கே அரண்மனை, நாடக அரங்கு, சட்டசபை, ரயில்வே தலைமை அலுவலகம், தேவாலயம் எல்லாம் நாலைந்து கிலோமீட்டருக்குள் வரிசையாக நிற்கின்றன. சரியாகத் திட்டமிட்டால் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். எந்தத் திசையிலிருந்து நடக்கத் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஊர் அடுக்கடுக்காக இருக்கிறது

சிம்லாவின் உயரம் சுமார் 2,200 மீட்டர். ஊட்டி 2,240. ஆகவே லடாக் போல மூச்சடைப்பு, தலைசுற்றல் வரும் உயரமில்லை. சிரமம் கொடுப்பது செங்குத்தான ஏற்றம். ஊட்டி பள்ளத்தாக்கில் பரந்து கிடக்கும் ஊர். சிம்லாவோ ஒரு நீண்ட மலைமுகட்டின் மேலும் அதன் சரிவுகளிலும் தொங்கும் ஊர். கீழ் அடுக்கில் கார்ட் ரோடு. வண்டிகள் ஓடுவது இங்கேதான். அதற்கு மேலே லோயர் பஜார், மிடில் பஜார். அதற்கும் மேலே மால் ரோடு. எல்லாவற்றுக்கும் மேல் ரிட்ஜ் என்னும் திறந்தவெளி. மால் ரோட்டிலும் ரிட்ஜிலும் பொது வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

இதன் பொருள், வரைபடத்தில் ‘300 மீட்டர்’ என்று காட்டும் ஓட்டல், நேரில் 150 படிகளுக்குக் கீழே இருக்கலாம். ஓட்டல்காரரிடம் ‘மால் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம்’ என்று கேட்டால் ‘பாஞ்ச் மினிட்’ என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியால் பயனில்லை. வண்டி வாசல் வரை வருமா, வராவிட்டால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி, அவை ஏறு படியா இறங்கு படியா, அறை எந்த மாடியில், கட்டடத்தில் லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். சரிவில் கட்டிய ஓட்டல்களில் வரவேற்பு மேசை மேல்மாடியில் இருக்கும், அறை நாலு மாடி கீழே போகும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் உடன் வந்தால், இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வராத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

கார்ட் ரோட்டிலிருந்து மால் ரோட்டுக்கு ஏற, மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் மின்தூக்கி இருக்கிறது. ‘லிஃப்ட்’ என்று இடத்தின் பெயராகவே சொன்னால் எந்த டாக்ஸிக்காரருக்கும் தெரியும். சீட்டு வாங்கி, முதல் தூக்கியில் ஏறி, நடுவே ஒரு நடைபாதையைக் கடந்து, இரண்டாம் தூக்கியில் ஏற வேண்டும். கூட்ட நாட்களில் வரிசை நீளும். இரவில் மூடிவிடுவார்கள், கடைசி நேரத்தை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தங்குமிடத்தை இந்த லிஃப்டுக்கு அருகில் பிடிப்பதுதான் முதியோருக்கு நல்லது. ரிட்ஜுக்குப் பக்கத்தில் அழகான பழைய விடுதிகள் உண்டு. ஆனால் மூட்டையோடு போய்ச் சேரக் கூலியாள் வேண்டும்.

எப்போது போவது

தில்லிப் பள்ளிகளின் கோடை விடுமுறையில் எல்லோரும் போவதால் மே பாதி முதல் ஜூன் முடிய நெரிசல். கார் நிறுத்த இடம் கிடைக்காது, தண்ணீரும் இழுபறி. 2018 கோடையில் ஊரே குடிநீருக்குத் தவித்தது. வேறு வழியில்லாமல் அந்தச் சமயத்தில்தான் போக முடியும் என்றால், வெள்ளி கிளம்பி ஞாயிறு திரும்பாமல், திங்கள் கிளம்பி வியாழன் திரும்புங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மழையில் மலை சரியும், சாலை மூடும். 2023 ஆகஸ்டில் சம்மர் ஹில் பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவில் ஒரு சிவன் கோவிலே புதைந்தது. ரயில் பாதையின் அடியிலிருந்த மண் அரித்துப்போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை.

அக்டோபர், நவம்பர்தான் சிறந்த பருவம்: வானம் தெளிந்து, வடக்கே பனிமலைகள் தெரியும். மார்ச் பாதிக்குப் பிறகு ஏப்ரல் முடியவும் நன்று. பனி பார்க்க வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி. ஆனால் போகிற அன்று பனி பொழியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பொழிந்த மறுநாள் காலை மால் ரோட்டில் மிதிபட்ட பனி இறுகிக் கண்ணாடிபோலாகிவிடும். தேய்ந்த அடிப்பாகம் உள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ, செருப்பு இரண்டும் அங்கே ஆபத்து. ஆழமான பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ வேண்டும்.

ரயிலில் போங்கள், ஆனால் சீட்டை இப்படி எடுங்கள்

பேருந்து காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து உண்டு. ஹிமாச்சல் அரசுப் போக்குவரத்தின் வால்வோ மண்டி ஹவுஸ் பக்கமுள்ள ஹிமாச்சல் பவனிலிருந்தும் கிளம்பும். ஏறக்குறைய 350 கிலோமீட்டர், எட்டிலிருந்து பத்து மணி நேரம். பர்வானூவுக்கு மேல் தொடங்கும் வளைவுகளில் வயிறு புரட்டும். பேருந்தில்தான் போவது என்றால் முன் பாதி இருக்கை எடுங்கள். வாந்தி மாத்திரையை வளைவு தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை, அரை மணி முன்பே போட வேண்டும். உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டு பையில் இருக்கட்டும்.

ரயிலில் இரண்டு கட்டம். புது தில்லியிலிருந்து கால்கா வரை பெரிய ரயில், கால்காவிலிருந்து சிம்லா வரை சின்ன ரயில். காலை 7:40 அளவில் புறப்படும் கால்கா சதாப்தி நண்பகலுக்குச் சற்று முன் கால்கா சேரும். அதற்கு இணைப்பாக அங்கிருந்து ஹிமாலயன் குவீன் கிளம்பும். விடிகாலையில் கால்காவிலிருந்து கிளம்பும் ரயில்களும் உண்டு, ஷிவாலிக் டீலக்ஸ் அவற்றில் ஒன்று. இரவு ரயிலில் கால்கா போய்ச் சேர்பவர்களுக்கு அது ஏற்றது. கால அட்டவணை ஆண்டுதோறும் சில நிமிடங்கள் மாறும் என்பதால் பதிவு செய்யும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும். சதாப்தியில் நிறைய இடம், சின்ன ரயிலில் கொஞ்சம் இடம். எனவே சின்ன ரயில் சீட்டை முதலில் எடுத்து, அது உறுதியான பிறகு சதாப்தியை எடுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, கால்காவில் இறங்கி டாக்ஸி பேரம் பேசுகிறார்கள். இரண்டு சீட்டையும் ஒரே பயணிகள் பெயரில் எடுத்து, ஐ.ஆர்.சி.டி.சி.யில் இணைப்புப் பயணமாகச் சேர்த்துவிடுங்கள். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால், பயணிக்காத பகுதியின் பணம் ரத்துக் கட்டணம் இல்லாமல் திரும்பக் கிடைக்கும்.

புது தில்லி நிலையத்துக்குக் காலையில் மெட்ரோவே போதும். ஆர்.கே.புரத்துக்காரர்கள் மெஜந்தா தடத்தில் ஏறி ஹவுஸ் காஸில் மஞ்சள் தடத்துக்கு மாற வேண்டும். மயூர் விஹார், கரோல் பாக், ஜனக்புரிக்காரர்கள் நீலத் தடத்தில் ராஜீவ் சௌக் வந்து மாற வேண்டும். மெட்ரோ வெளியே விடும் பக்கம் அஜ்மீரி கேட், அதாவது 16-ஆம் நடைமேடைப் பக்கம். வண்டி 1-ஆம் நடைமேடைப் பக்கம் போடப்பட்டிருந்தால் மேம்பாலத்தின் முழு நீளத்தையும் நடக்க வேண்டும், அதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

சின்ன ரயிலின் பெட்டி குறுகல். தண்டவாள இடைவெளியே 762 மில்லிமீட்டர்தான். பெரிய சக்கரப் பெட்டியை வைக்க இடமிருக்காது, கால் வைக்கும் இடத்தில் கிடத்திவிட்டு ஐந்து மணி நேரம் அவதிப்பட வேண்டியதாகிவிடும். தலைக்கு ஒரு மென்பையாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

96 கிலோமீட்டரில் எதைக் கவனிப்பது

1903 நவம்பரில் திறந்த பாதை இது. கால்கா 656 மீட்டர் உயரம், சிம்லா நிலையம் 2,076 மீட்டர். நம் நீலகிரி ரயில்போல நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் கிடையாது. நீலகிரியில் சில இடங்களில் சுமார் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுவதால் பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. இங்கே 33 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் ஏற்றமில்லாமல், மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் 900-க்கும் மேற்பட்ட வளைவுகள், 100-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள், 800-க்கும் மேற்பட்ட பாலங்கள். நீலகிரி ரயில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005-இல், இது 2008-இல்.

‘எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காட்சி’ என்று பெட்டிக்குப் பெட்டி சண்டை நடக்கும். இத்தனை வளைவுள்ள பாதையில் பள்ளத்தாக்கு இரு பக்கமும் மாறி மாறி வரும். சன்னல் கிடைத்தால் போதும், பக்கத்துக்காக மெனக்கெட வேண்டாம்.

பாலங்களில் பெரும்பாலானவை இரும்பில்லை. பழைய ரோமானியக் கால்வாய்ப் பாலங்களின் பாணியில் அடுக்கடுக்காக எழுப்பிய கல் வளைவுகள். சோன்வாராவுக்கும் தரம்பூருக்கும் இடையே 226-ஆம் பாலத்துக்கு ஐந்து அடுக்கு. கனோவுக்கு அருகில் உள்ள 541-ஆம் பாலத்துக்கு நாலு அடுக்கில் 34 வளைவுகள். பாலத்தின் மேலே போகும்போது நேர்கீழே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வளைவில் திரும்பும்போது முன்னால் அல்லது பின்னால் பார்க்க வேண்டும். கனோவுக்கு முந்தைய கண்டாகாட் நிலையம் தாண்டியதும் கேமராவைக் கையில் எடுத்துவிடுங்கள்.

பரோக் நிலையத்தில் வண்டி பத்து நிமிடம் போல நிற்கும். கட்லெட், பிரெட், டீ கிடைக்கும். நிலையத்தை ஒட்டியே 33-ஆம் சுரங்கம், 1,143 மீட்டர், இந்தப் பாதையிலேயே நீளமானது. கடக்க மூன்று நிமிடம் ஆகும். பரோக் என்ற பொறியாளர் இரு முனையிலிருந்தும் தோண்டி நடுவில் சேராமல் போனது, அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் விதித்தது, அவமானத்தில் அவர் உயிரை விட்டது என்று ஒரு கதையை ரயிலில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். பிறகு பால்கு என்ற உள்ளூர்ச் சாமியார் வழிகாட்டித்தான் இப்போதைய சுரங்கம் அமைந்தது என்பதும் அந்தக் கதையின் பகுதி. ஆவணமா நாட்டுப்புறக் கதையா என்பது ஒருபுறம் இருக்க, சிம்லா பழைய பேருந்து நிலையத்துப் பக்கமுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு பாபா பால்கு பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நிலையங்களில் ஓட்டுநரும் நிலைய அதிகாரியும் ஒரு வளையத்தைக் கைமாற்றிக்கொள்வதையும் பாருங்கள். அதிலுள்ள பையில் இருக்கும் உலோக உருண்டைதான் அடுத்த நிலையம் வரை போக அனுமதி. ஒற்றைப் பாதை என்பதால், உருண்டை கையில் இல்லாமல் வண்டி நகராது.

குளிர்காலத்தில் ஐந்தரை மணிக்கே இருட்டும். டிசம்பரில் நண்பகல் ரயிலில் போய், வண்டியும் தாமதித்தால், ஷோகி நிலையத்துக்கு மேல் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த மாதங்களில் விடிகாலை ரயில்தான் சரி.

சிம்லா நிலையத்தில் இறங்கியதும் கூலியாட்கள் சூழ்வார்கள். ஓட்டல் பெயரைச் சொல்லி, மொத்த மூட்டைக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடித்த பிறகே பையைக் கொடுங்கள். ‘அந்த ஓட்டல் மூடிக் கிடக்கிறது, வேறு காட்டுகிறேன்’ என்று யாராவது சொன்னால் ஓட்டலுக்கு ஒரு போன் போடுங்கள், விஷயம் முடிந்துவிடும்.

இரண்டாம் நாள்: மேற்கிலிருந்து கிழக்காக ஒரே கோடு

ஊரின் மேற்கு முனையில் வைஸ்ராய் மாளிகை, நடுவில் ரிட்ஜ். வழக்கமாக எல்லோரும் ரிட்ஜில் தொடங்கி மேற்கே போய், மதியம் களைத்த காலோடு, மாளிகை நிற்கும் அப்சர்வேட்டரி குன்றின் ஏற்றத்தில் மாட்டிக்கொள்வார்கள். அப்படியே தப்பித்தாலும், அன்றைய சுற்றுக்கான சீட்டு தீர்ந்திருக்கும். இதைத் திருப்பிப் போடுங்கள். காலையில் டாக்ஸியிலோ உள்ளூர்ப் பேருந்திலோ பாய்லுகஞ்ச் வரை போய் மாளிகையில் தொடங்குங்கள். அங்கிருந்து ரிட்ஜ் வரை நாலைந்து கிலோமீட்டர், பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நடக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த நாள் திங்கட்கிழமையாக இருக்கக் கூடாது. மாளிகைக்கும் மாநில அருங்காட்சியகத்துக்கும் அன்று விடுமுறை.

மாளிகை 1888-இல் முடிந்தது, வைஸ்ராய் டஃபரின் பிரபு காலத்தில். வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். இந்தப் பெயர் நமக்குப் புதிதில்லை: சென்னை உயர் நீதிமன்றம், எழும்பூர் ரயில் நிலையம், மைசூர் அரண்மனை எல்லாம் அவர் கைவண்ணம். சென்னையில் சிவப்புச் செங்கல், குவிமாடம் என்று இந்தோ-சாரசெனிக் பாணியில் விளையாடியவர், இங்கே சாம்பல் கல்லில் சுத்தமான ஆங்கிலப் பண்ணை மாளிகையைக் கட்டியிருக்கிறார். உயர் நீதிமன்றத்தைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்தால், ஒரே ஆள் இரண்டு ஊருக்கு இரண்டு முகம் போட்டது புரியும்.

உள்ளே வழிகாட்டியோடு குழுவாகத்தான் விடுவார்கள், அதுவும் சில அறைகளுக்கு மட்டும். போனதும் நேரே சீட்டு வாங்கி, உங்கள் குழுவின் நேரத்தைத் தெரிந்துகொண்டு, மிச்ச நேரத்தைத் தோட்டத்தில் கழியுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. மூன்று தளம் உயர்ந்து நிற்கும் நடு மண்டபத்தின் மரவேலை பர்மா தேக்கு. தீ அணைக்க அன்றே வைத்த ஏற்பாட்டைக் கேட்டுப் பாருங்கள்: தண்ணீர்க் குழாயின் வாயை மெழுகால் அடைத்திருக்கிறார்கள், சூடு ஏறினால் மெழுகு உருகித் தண்ணீர் தானாகக் கொட்டும்.

1945 ஜூன் 25-இல் வைஸ்ராய் வேவல் பிரபு இந்தியத் தலைவர்களை அழைத்துக் கூட்டிய சிம்லா மாநாடு இங்கேதான் நடந்தது. காந்தி சிம்லாவுக்கு வந்தாலும் மேசையில் உட்காரவில்லை. மதராஸ் மாகாணத்தின் முன்னாள் பிரதமர் என்ற முறையில் ராஜாஜி கலந்துகொண்டார். 1947 மே மாதம் மவுண்ட்பேட்டன் பிரிவினைத் திட்டத்தை நேருவிடம் காட்டியதும் இதே வீட்டில். விடுதலைக்குப் பின் குடியரசுத் தலைவரின் கோடை மாளிகையாக இருந்ததை, திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணன் ஆய்வாளர்களுக்குக் கொடுத்துவிட்டார். 1965 முதல் இது இந்திய உயர் ஆய்வு நிறுவனம். இந்த விவரங்களை முன்னாலேயே மனதில் வைத்துக்கொண்டு போனால் நல்லது. வழிகாட்டி இந்தியில் வேகமாகச் சொல்லிக்கொண்டே நடப்பார், ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குப் பாதி புரியாது. ஒருவர் பின்வரிசையில் நின்று மெல்லத் தமிழில் சொல்லலாம்.

புல்வெளியில் நிற்கும்போது இன்னொன்று: இந்த முகடு நீர்ப்பிரிவு. ஒரு பக்கம் விழும் மழை சட்லெஜ் வழியே அரபிக்கடலுக்கும், மறு பக்கம் விழுவது யமுனை வழியே, தில்லியைத் தாண்டி, வங்கக்கடலுக்கும் போகிறது.

சுற்று முடிய ஒன்றரை மணி நேரம் கணக்கு வையுங்கள். அங்கிருந்து இறங்கி வரும் வழியில் மாநில அருங்காட்சியகம், 1974-இல் திறந்தது. நுழைவாயிலிலிருந்து சற்று ஏற வேண்டும், ஆனால் விட்டுவிடக் கூடாது. காங்ரா, குலேர் பாணி பஹாடிச் சிற்றோவியங்கள் இருக்கும் அறைக்கு நேரே போங்கள். ராதை கிருஷ்ணன் படங்களில் உள்ள மரங்களின் இலையை நெருங்கிப் பாருங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீட்டியது. சம்பா ரூமால் என்னும் பூத்தையல் துணியையும் தேடுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி தெரியும்படி தைக்கும் வேலை அது. மற்ற அறைகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

சௌரா மைதானம் தாண்டியதும் சட்டசபை. 1925-இல் மத்திய சட்டசபைக்காகக் கட்டியது. அந்த ஆகஸ்டில் வித்தல்பாய் படேல் அதன் முதல் இந்தியத் தலைவராகத் தேர்வானார். தில்லியில் ரஃபி மார்க் பக்கம் போகும்போது பார்க்கும் வித்தல்பாய் படேல் ஹவுஸ் இவர் பெயரில்தான். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நடையைக் கட்டலாம். அடுத்து கணக்காயர் அலுவலகமான கார்ட்டன் காசில், பிறகு ரயில்வே வாரியக் கட்டடம். இரண்டாவது சாலையோரத்திலேயே இருக்கிறது. தீக்குப் பயந்து மரத்தைத் தவிர்த்து, 1890-களில் இரும்பையும் எஃகையும் கொண்டு எழுப்பிய கட்டடம். 2001-இல் மேல்தளத்தில் தீப்பிடித்தபோது கட்டடம் தாங்கி நின்றுவிட்டது. மர வேலைப்பாடு நிறைந்த பழைய மாளிகைகள் பல இந்த ஊரில் எரிந்துபோயிருக்கின்றன. வைஸ்ராய்கள் முன்பு குடியிருந்ததும், 1949-இல் கோட்சேயின் மேல்முறையீட்டை விசாரித்ததுமான பீட்டர்ஹாஃப் 1981-இல் எரிந்தது. இப்போது நிற்பது புதுக் கட்டடம்.

காளி பாரி கோவிலுக்கு மேலே ஏற வேண்டும். சியாமளா தேவியின் பெயரால்தான் ஊருக்கே பெயர் என்பார்கள். பெரியவர்களுக்குக் கால் ஒத்துழைத்தால் இப்போதே போய்விடுங்கள், மறுபடி தனியாக வருவதற்கு வழி சுற்று.

பிறகு தபால் நிலையம், ஸ்கேண்டல் பாயிண்ட், லாலா லஜபதி ராய் சிலை. பட்டியாலா மகாராஜா வைஸ்ராயின் மகளோடு ஓடிப்போனார் என்று இங்கே ஒரு கதை விற்பார்கள். ஆதாரம் எதுவும் கிடையாது, கேட்டு ரசிக்கலாம்.

கெயிட்டி அரங்கு 1887-இல் திறந்தது, இதுவும் இர்வின் வேலைதான். முதலில் இன்னும் உயரமான கட்டடமாக இருந்தது. எடை தாங்காது என்று மேல்தளங்களை இறக்கிவிட்டார்கள். சீட்டு வாங்கி உள்ளே பார்க்கலாம். குதிரைலாட வடிவத்தில் சின்ன அரங்கு, மேடையில் நின்று சாதாரணக் குரலில் பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்கும். அன்று மாலை நாடகம் உண்டா என்று வாசல் பலகையில் பாருங்கள். ஒத்திகை நடந்தால் பார்வையாளரை விட மாட்டார்கள், அதனால் மதியத்துக்குள் போவது நல்லது.

ரிட்ஜ் கடைசி. நீங்கள் நிற்கும் தரைக்கடியில் பிரிட்டிஷார் காலத்துப் பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஊருக்குக் குடிநீர் அதிலிருந்துதான் பகிர்ந்தார்கள். கிழக்கு முனையில் கிறைஸ்ட் சர்ச், 1844-இல் அடிக்கல், 1857-இல் திறப்பு. மாலை வெளிச்சத்தில் மஞ்சள் சுவர் நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே உள்ள வண்ணக்கண்ணாடிச் சன்னல்களைப் பார்க்க வேண்டுமானால் கதவு சாத்துவதற்குள் போக வேண்டும். வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள்.

நடுவில் முட்டி வலித்தால், தடைசெய்த சாலைகளில் அரசுப் போக்குவரத்தின் சிறிய டாக்ஸிகள் ஓடுகின்றன. கடைக்காரரைக் கேட்டால் நிற்கும் இடம் காட்டுவார்.

ஜாக்கு, மஷோப்ரா

மூன்றாம் நாள் காலை ஜாக்கு குன்று, 2,455 மீட்டர். ரிட்ஜிலிருந்து ஏறக்குறைய 250 மீட்டர் நேர் ஏற்றம். நடந்தால் முக்கால் மணி நேரம், மூச்சு வாங்கும். தேவாலயத்துக்கு அருகிலிருந்து ரோப்வே இருக்கிறது. முதியோருக்கு அதுதான். இளையவர்கள் ரோப்வேயில் ஏறி நடந்து இறங்கலாம். ஈரமாக இருந்தால் தேவதாரு இலைச்சருகு வழுக்கும். மேலே 108 அடி அனுமார் சிலை, 2010-இல் நிறுவியது.

அனுமார் கோவிலில் ஆட்சி செய்வது குரங்குகள். அவை குறிவைப்பது மூக்குக் கண்ணாடி. பறித்துக்கொண்டு கிளையில் உட்காரும், பொரியோ பழமோ எறிந்தால்தான் கீழே போடும், சில சமயம் கடித்து வளைத்த பிறகு. கண்ணாடி, தொப்பி, செல்போன் எல்லாவற்றையும் ஜிப் வைத்த பைக்குள் போட்டுவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் நடக்க முடியாதவர் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். பாலிதீன் பை கையில் இருந்தால் அது சாப்பாடு என்றே குரங்கு நினைக்கும். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள். இரண்டும் அதற்குச் சண்டைக்கு அழைப்பு.

மதியம் குஃப்ரிக்குப் போகும் வழக்கத்தை விட்டுவிட்டு, சிம்லாவுக்கு அருகிலுள்ள மஷோப்ராவில் குடியரசுத் தலைவரின் ஓய்வு மாளிகைக்குப் போங்கள். 2023 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. மரச்சட்டங்களுக்கு நடுவே கல்லும் மண்ணும் அடைத்த ‘தஜ்ஜி’ சுவர் இங்கே பார்க்கக் கிடைக்கும். நிலநடுக்கத்தில் சட்டம் அசைந்து கொடுப்பதால் சுவர் பிளந்து விழாது. ராஷ்டிரபதி பவன் இணையதளத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு போக வேண்டும். இதுவும் திங்களன்று கிடையாது. குடியரசுத் தலைவர் வந்து தங்கும் நாட்களிலும் மூடுவார்கள்.

சாப்பாடு

மால் ரோட்டு இந்தியன் காபி ஹவுஸில் தோசை கிடைக்கும். அதைத் தில்லித் தோசையோடு ஒப்பிட வேண்டாம். அங்கே போவது பழைய மேசை நாற்காலிக்கும், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்களுக்கும், சூடான காபிக்கும். உள்ளூர்ச் சாப்பாட்டில் முதியோருக்கும் ஒத்துக்கொள்வது சித்து: புளிக்க வைத்த கோதுமை மாவுக்குள் வால்நட்டோ கசகசாவோ வைத்து ஆவியில் வேகவைத்து, நெய் ஊற்றித் தருவார்கள். வேக நேரமாகும், நடக்கப் போகும் முன் சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வந்து சாப்பிடுவது உத்தமம். மத்ரா என்பது தயிரில் கொதிக்கவைத்த கொண்டைக்கடலை, காரமில்லை, சோற்றோடு நன்றாகப் போகும். தாம் என்னும் விருந்துச் சாப்பாட்டில் அதுதான் நாயகன்.

ரசம் இல்லாமல் இருக்க முடியாத பெரியவர்களுக்கு ஒரு மின்கெட்டிலும் ரசப்பொடியும் எடுத்துப் போகலாம். கெட்டிலுக்கு அனுமதி உண்டா என்று ஓட்டலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களின் மின்கம்பி அதன் பளு தாங்காமல் ஃபியூஸ் போகும்.

பொது இடத்தில் புகைபிடித்தல், எச்சில் துப்புதல், குப்பை போடுதல் எல்லாவற்றுக்கும் அபராதம் உண்டு. பிளாஸ்டிக் பைகளுக்கு மாநிலம் முழுதும் தடை. துணிப்பை இரண்டு மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்புதல்

காலை பத்தரை மணிவாக்கில் சிம்லாவில் கிளம்பும் ஹிமாலயன் குவீன் மாலை நாலேகாலுக்குப் பக்கம் கால்கா சேரும். ஐந்தே முக்கால் அளவில் சதாப்தி. இந்த இடைவெளியை வீணென்று நினைத்துப் பிந்திய டாக்ஸியில் இறங்கத் திட்டமிடாதீர்கள். சோலன் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் போனால் சதாப்தி போனதுதான். சதாப்தி புது தில்லி வர இரவு பத்து மணி ஆகும். கடைசி மெட்ரோ பதினொன்றை ஒட்டித்தான், ஆனால் ராஜீவ் சௌக்கிலோ ஹவுஸ் காஸிலோ தடம் மாற வேண்டியவர்களுக்கு அந்த இணைப்பும் ஓட வேண்டுமே. பானிபட் தாண்டும்போது வண்டி அரை மணிக்கு மேல் தாமதம் என்று தெரிந்தால், அங்கேயே போனில் டாக்ஸி ஏற்பாடு செய்துவிடுங்கள். நிலையத்து வாசலில் ஐந்து பேரும் ஏழு பையுமாக நின்றால் சொல்லும் கூலி வேறு.